பைன் நடலாமா? கன்று வாங்கும் முன் மலை விவசாயிகள் கணக்கிட வேண்டியவை

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்போது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் நடக்கின்றன. வனப்பகுதிகளைப் பிடித்திருக்கும் அந்நியத் தாவரங்களை அகற்றும் பணி ஒரு பக்கம். தமிழ்நாடு அரசு 2022-ல் இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்தப் பணியைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. மறுபக்கம், தங்கும் விடுதிகளும் பண்ணை வீடுகளும் பெருகப் பெருக, 'மலைக்கு ஏற்ற அழகு மரம்' என்று வேலி ஓரத்திலும் நுழைவாயிலிலும் ஊசியிலை மரம் வைக்கும் ஆசையும் கூடியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பைன் காட்டில் நின்று படம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, தம் நிலத்திலும் நாலு பைன் நின்றால் நல்லதுதானே என்று தோன்றுவது இயல்பு.

நடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். வாங்கப் போவது உண்மையிலேயே பைனா? உங்கள் நிலத்தில் அது எதைக் கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும்? 20 ஆண்டு கழித்து அதை அகற்ற நினைத்தால் முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பணம் அதிகம் செலவாவதும் அதில்தான்.

எது பைன், எது பைன் இல்லை?

நம் ஊரில் ஊசி போன்ற இலை தெரிந்தாலே 'பைன்' அல்லது 'கிறிஸ்துமஸ் மரம்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழ்ப் புத்தகங்களில் பைனைத் தேவதாரு என்று எழுதுவதும் உண்டு. தேவதாரு இமயமலையில் வளரும் வேறொரு மரம். குழப்பத்தைத் தீர்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு சிறு கிளையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

*ஊசியை இழுத்துப் பாருங்கள்.* கணுக் கணுவாகக் கழன்று வந்தால் அது சவுக்கு. சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது உண்மையில் மெல்லிய பச்சைக் குச்சி. இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பொடிப் பல் வரிசை போலச் சுருங்கியிருக்கும். சவுக்கு பூக்கும் தாவரம். பைனுக்கும் அதற்கும் உறவே இல்லை.

*ஊசிகள் கற்றையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.* இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் ஒன்றாகச் சேர்ந்து, அடியில் காகிதம் போன்ற சிறு உறையால் சுற்றப்பட்டிருந்தால் அதுவே பைன். இந்த அடையாளம் வேறு எந்த மரத்துக்கும் கிடையாது.

*கிளைகள் அடுக்கடுக்காக, குடை விரித்தது போல இருந்து, சிறு கிளையைச் சுற்றிலும் குட்டை இலைகள் நெருக்கமாக ஒட்டியிருந்தால்* அது அரகேரியா. நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இதன் தாயகம் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள பசிபிக் தீவுகள்.

*இலை தட்டையாக, விசிறி போல விரிந்திருந்தால்* அது துஜா. மலைகளில் உயரமாக நிற்கும் சைப்ரஸ் மரத்திலும் செதில் போன்ற இலைகளே இருக்கும், ஊசி இருக்காது.

உங்களிடம் இருப்பது பைன்தான் என்று உறுதியானால், எந்தப் பைன் என்பதை ஊசியின் எண்ணிக்கையும் நீளமும் சொல்லும். நீலகிரி, பழனி மலைகளில் பரவலாகக் காணப்படுவது பைனஸ் பேட்டுலா என்னும் மெக்சிகோ நாட்டுப் பைன். கற்றைக்குப் பெரும்பாலும் மூன்று ஊசிகள் இருக்கும். அவை ஒரு சாண் நீளத்துக்கு மெலிந்து கீழ்நோக்கித் தொங்கும். மரத்தின் மேல்பகுதிப் பட்டை செம்மஞ்சள் நிறத்தில் காகிதம் போல உரியும். காய்கள் கொத்தாகக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் கிடக்கும். இந்தக் கடைசி அடையாளத்தை நினைவில் வையுங்கள், தீயைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இமயமலை அடிவாரத்தின் சிர் பைனுக்கும் மூன்று ஊசிதான். ஆனால் காய் பெரிது, முட்டை வடிவம். அதற்கு மேலே குளிர்ப் பகுதியில் வளரும் நீலப் பைனுக்கு ஐந்து ஊசி. மேகாலயா, மணிப்பூர் மலைகளின் காசிப் பைனுக்கு மூன்று. இந்தியாவின் சொந்தப் பைன்கள் எல்லாம் இமயமலையிலும் வடகிழக்கிலும்தான் இருக்கின்றன. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான பைன் ஒன்றுகூடக் கிடையாது.

தென்னிந்திய மலைகளுக்குச் சொந்தமான கூம்புக்காய் மர வகை ஒன்றே ஒன்று. அது நிரம்பாலி. களக்காடு, மேகமலை, ஆனைமலைப் பக்கத்து ஈரமான சோலைகளில் நிற்கும். ஊசியிலை மரங்களின் உறவுக்காரனாக இருந்தும் இதன் இலை அகலமானது. நடு நரம்பே இல்லாமல், நெடுகிலும் இணைகோடுகளாக நரம்பு ஓடும்.

மலைக்கு எப்படி வந்தது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகள் ஒரு காலத்தில் புல்வெளியும் பள்ளத்தாக்குகளில் சோலையுமாக இருந்தவை. வெறும் புல் நிற்கும் நிலம் வீணான நிலம் என்ற எண்ணத்தில், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் விறகு, தோல் பதனிடும் பட்டை, கூழ்மரம் ஆகியவற்றுக்காக அங்கே கற்பூர மரமும் சீகை மரமும் பைனும் நடப்பட்டன. பைனில் முதலில் ரேடியேட்டா என்ற வகையையும் முயன்றார்கள். அது நீலகிரியின் ஈரத்தில் ஊசிக் கருகல் நோய்க்கு ஆளானது. பேட்டுலா தாக்குப்பிடித்தது.

விளைவு சிறியதல்ல. பழனி மலையின் புல்வெளிகளைச் செயற்கைக்கோள் படங்கள் கொண்டு ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டது என்று காட்டியது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டவை மரத்தோட்டங்களும் விவசாயமும்தான்.

புல்வெளி போனால் மலை விவசாயிக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். விடை தண்ணீரில் இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு

மலை உச்சிப் புல்வெளி மழைநீரைப் பிடித்து மெல்ல மெல்லக் கீழே விடும். கோடையிலும் ஓடை வற்றாமல் இருப்பது அதனால்தான். அங்கே ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும், வேகமாக வளரும் மரத்தைக் கொண்டுவந்தால், மழையின் ஒரு பகுதி இலையிலேயே தங்கி ஆவியாகும். இன்னொரு பகுதியை வேர் உறிஞ்சிவிடும்.

இதற்கு நம் மலையிலேயே அளந்த கணக்கு உண்டு. உதகையில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றில் 1972-ல் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதமானது.

அது கற்பூர மரம், பைனும் அப்படியா என்றால், தென்னாப்பிரிக்காவில் அதற்கும் கணக்கு இருக்கிறது. டிராக்கன்ஸ்பர்க் மலையின் கதீட்ரல் பீக் பகுதியில் 1950களில் மலைப் புல்வெளி மீது இதே பேட்டுலா பைனை நட்டு ஓடை நீரை அளந்தார்கள். மரம் வளர வளர ஓடை மெலிந்தது. இப்படிப்பட்ட அளவீடுகளின் தொடர்ச்சியாகத்தான் அந்த நாடு 1995 முதல், நீர்ப்பிடிப்புகளில் பரவிய அந்நிய மரங்களை அரசுச் செலவில் வெட்டி அகற்றி வருகிறது.

இந்த எண்களை உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஒரே ஒரு பைனுக்குப் பொருத்திப் பயப்பட வேண்டாம். ஒரு மரம் ஒரு ஊற்றை வற்றவைத்துவிடாது. ஆனால் ஊற்றுக்கண்ணுக்கு மேலே உள்ள சரிவில், சதுப்பின் ஓரத்தில், வரிசையாக அரை ஏக்கர் பைன் வைக்க நினைத்தால், அது கீழே இருக்கும் காய்கறித் தோட்டத்தின் கோடைத் தண்ணீரைத் தொடும். அந்தத் தோட்டம் உங்களுடையதாக இருக்கலாம், பக்கத்துக்காரருடையதாகவும் இருக்கலாம்.

பசுமை மாறாத மரமும் தீயும்

பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராது என்று பொருளல்ல. பைன் ஊசி இரண்டு மூன்று ஆண்டு மரத்தில் இருந்துவிட்டு உதிரும். உதிர்ந்த ஊசி எளிதில் மக்காது. மெத்தை போல அடுக்கடுக்காகச் சேரும். அதில் பிசின் இருப்பதால் காய்ந்தால் சட்டென்று தீப்பிடிக்கும்.

உத்தராகண்ட் மாநிலம் இதைத்தான் ஒவ்வொரு கோடையிலும் அனுபவிக்கிறது. 2024 கோடையில் அங்கே கடுமையான காட்டுத்தீ ஏற்பட்டபோது, காட்டில் உதிர்ந்து கிடக்கும் சிர் பைன் ஊசியைச் சேகரித்துக் கொடுத்தால் கிலோவுக்கு 50 ரூபாய் தருவதாக அந்த மாநில அரசு அறிவித்தது. சருகை விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு ஒரு அரசு வந்திருக்கிறது என்றால், அந்தச் சருகு எவ்வளவு பெரிய சுமை என்பதைப் புரிந்துகொள்ளலாம். இத்தனைக்கும் சிர் பைன் அந்த மண்ணின் சொந்த மரம்.

நம் பக்கம் 2024 மார்ச்சில் குன்னூர் வனப்பகுதியில் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தோட்டத்தில் காய்ந்த சருகுக்கு வைத்த தீ காட்டுக்குள் பரவியதாக வனத்துறை நடவடிக்கையும் எடுத்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மலைத் தோட்டங்களில் சருகைக் கொளுத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்தச் சருகு பைன் ஊசியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

முன்பு சொன்ன காய்களுக்கு இப்போது வருவோம். பேட்டுலாவின் காய்களில் பல, பிசினால் மூடிக்கொண்டு மரத்திலேயே காத்திருக்கும். தீயின் சூடு பட்டால் திறந்து விதையைக் கொட்டும். விதைக்குச் சிறகு உண்டு, காற்றில் பறக்கும். ஆகவே தீ வந்து தாய் மரம் கருகினாலும், அடுத்த மழையில் வெறுமையான மண்ணில் பைன் நாற்று முடி போல முளைக்கும். பக்கத்துப் புல்வெளிக்கும் தரிசுக்கும் பைன் தானாகப் பரவுவது இப்படித்தான்.

கொள்கை ஒரு பக்கம், பட்டாதாரர் ஒரு பக்கம்

அரசின் நடவடிக்கைகள் இதுவரை பெரும்பாலும் வனத்துறை நிலத்தைப் பற்றியவை. முதுமலைப் பக்கம் பரவிய மஞ்சக்கொன்னையை அகற்றித் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழ்மரமாக அனுப்பும் ஏற்பாடு நடந்தது. உன்னிச்செடியை வெட்டி யானைச் சிற்பங்கள் செய்து பழங்குடியினர் வருமானம் பார்க்கிறார்கள். களையைக் காசாக்கும் வழி இருந்தால்தான் அகற்றும் வேலை ஓடும் என்பதை இவை காட்டுகின்றன.

பட்டா நிலத்தில் பைன் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இப்படி ஒரு வழி இன்னும் தெளிவாக அமையவில்லை. மரம் அவருடையது, ஆனால் அவர் நினைத்தபோது வெட்ட முடியாது. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 நடைமுறையில் இருக்கிறது. பட்டா நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி பெற்றுத்தான் வெட்ட வேண்டும். மலைச்சரிவுகள் மொட்டையாகாமல் காத்ததில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காட்டில் அகற்ற வேண்டியது என்று அரசே சொல்லும் மர வகைக்கும், சோலை மரத்துக்கும், பட்டா நிலத்தில் ஒரே மனு, ஒரே காத்திருப்பு என்றால் விவசாயி சோர்ந்துபோவார். நான்கு ஐந்து பைனுக்காக அலைவதைவிட நிற்கட்டும் என்று விட்டுவிடுவார். அது விதை கொட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. இலக்கு நல்லது. ஆனால் மலை உச்சிகளில் 'எத்தனை மரம்' என்ற கேள்வியைவிட 'எந்த மரம், எங்கே' என்ற கேள்வி முக்கியம். புல்வெளியாகவே இருக்க வேண்டிய இடத்தில் மரமே நடக்கூடாது. சோலைக்குரிய இடத்தில் சோலை மரம் நட வேண்டும். அதற்குக் கன்று வேண்டும். பைனை எடுத்துவிட்டு என்ன வைப்பது என்று கேட்கும் விவசாயிக்கு, அருகிலேயே சோலை மரக் கன்று கிடைத்தால்தான் இந்த மாற்றம் காகிதத்தைத் தாண்டி நிலத்துக்கு வரும். அந்நிய மரத்தை அகற்ற விண்ணப்பிப்பவருக்கு விரைந்த அனுமதி, கையோடு சோலைக் கன்று, வெட்டிய மரத்துக்கு ஒரு கொள்முதல் வழி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கொடுத்தால் பட்டாதாரர்கள் தாமாகவே முன்வருவார்கள். உழவர் குழுக்களும் கிராம சபைகளும் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஏற்கெனவே பைன் நிற்கிறதா? இதைச் செய்யுங்கள்

உங்கள் நிலத்தில் பைன் நின்றால் பதற்றப்பட்டு ஒரே நாளில் மொட்டையடிக்க நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் வெறும் சரிவு மண்ணை இழக்கும். முழு வெயிலும் உறைபனியும் சோலைக் கன்றுகளைக் கொல்லும்.

இலங்கையில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்தில் 1970களின் இறுதியை ஒட்டிக் கரீபியன் பைன் நட்டார்கள். பின்னர் அங்கே 1990களில் நடந்த ஆய்வில், பைனை முழுவதும் அழிக்காமல் சில வரிசைகளை மட்டும் எடுத்து, அந்த இடைவெளியில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். பக்கத்து வரிசைப் பைன்கள் நிழல் கொடுக்க, உள்ளூர் மரங்கள் நன்றாக எழுந்தன. கொடைக்கானலின் வட்டக்கானலில் சோலைப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்களும், பழைய மரத்தோட்டங்களின் அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைப்பதைக் கவனித்து, கண்மூடித்தனமாக வெட்டாதீர்கள் என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள்.

ஆகவே வரிசைப்படி இப்படிச் செய்யலாம்.

1. முதலில் பைனின் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். சோலைக் கன்றுகள் இருந்தால் அவற்றுக்குக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அவைதான் உங்கள் முதல்.

2. பைன் நாற்றுகளை மழைக்காலத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் கையாலேயே வரும். இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

3. வெட்டும் தேவை இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டு, பட்டா நகலோடு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வீட்டின் மீதோ மின்கம்பி மீதோ சாயும் நிலையில் மரம் இருந்தால் அதைப் படத்துடன் மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள். அனுமதி கையில் வரும் வரை வியாபாரியிடம் முன்பணம் வாங்காதீர்கள்.

4. அனுமதி கிடைத்ததும் பட்டை பட்டையாக, சில ஆண்டுகளில் பிரித்து வெட்டுங்கள். கற்பூர மரமும் சீகையும் வெட்டிய பின் அடியிலிருந்து துளிர்த்தோ விதையிலிருந்து அடர்ந்தோ வரும். பேட்டுலா பைன் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் எழாது. அந்த வகையில் மூன்றிலும் அகற்ற எளிதானது பைன்தான். ஆனால் வெட்டிய கிளையில் உள்ள காய்கள் வெயிலில் காய்ந்து திறக்கும். அவற்றை அன்றே சேகரித்து அப்புறப்படுத்துங்கள்.

5. வெட்டிய பைன் கட்டையை மாதக்கணக்கில் தரையில் போட்டு வைக்காதீர்கள். பூஞ்சாணம் பிடித்து நீலக்கறை படியும், கரையானும் ஏறும். பெட்டி, பலகை, சென்ட்ரிங் வேலைக்குப் போகும் மரம் இது. விலை பேசி முடித்த பிறகே கோடாலியை எடுங்கள்.

6. மரத்தை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், டிசம்பருக்குள் வீட்டையும் கொட்டகையையும் சுற்றி ஊசிச் சருகைக் கூட்டி அள்ளுங்கள். கூரையில், வடிகாலில் சேர்ந்ததையும் எடுங்கள். கைக்கு எட்டும் உயரத்துக்குக் கீழ்க் கிளைகளைக் கழித்துவிட்டால் தரைத்தீ மேலே ஏறாது.

அள்ளிய சருகைக் கொளுத்த வேண்டாம். நடைபாதையில் களை வராமல் பரப்பலாம், சரிவில் மண்ணரிப்புத் தடுப்புக்கு மூட்டையாகக் கட்டிப் போடலாம். காய்கறிப் பாத்தியில் பச்சையாகப் புதைக்காதீர்கள். மக்க நீண்ட நாள் ஆகும், மக்கும்போது மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். பசுஞ்சாணத்தோடும் பசுந்தழையோடும் கலந்து குவியலாக்கி, நன்றாக மக்கிய பின் போட்டால் தொல்லை இல்லை. பைன் ஊசி மண்ணைப் புளிக்கவைத்துப் பாழாக்கிவிடும் என்று சொல்வார்கள். மக்கிய ஊசிக்கு அந்த அளவு வீரியம் கிடையாது.

ஆசைக்கு ஒன்றிரண்டு பைன் என்றால்

புல்வெளி, காட்டு எல்லை, ஊற்று, ஓடை ஆகிய எதுவும் அருகில் இல்லாத, ஏற்கெனவே கட்டடங்கள் சூழ்ந்த மலை ஊர் மனையில் ஒன்றிரண்டு மரம் வைப்பவருக்கு மட்டும் இந்தப் பகுதி.

பேட்டுலாவுக்கு 1,500 மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த உயரமும், புளிப்பான, நீர் தேங்காத மண்ணும், நல்ல மழையும் வேண்டும். நிழலில் வளராது. வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும், மரம் முழு உயரம் வளர்ந்து சாய்ந்தாலும் தொடாத தூரத்தில் நடுங்கள். 25, 30 மீட்டர் உயரம் போகும் மரம் இது.

பைன் கன்று ஊட்டச்சத்து எடுக்க, வேரின் வெளிப்புறத்தைப் போர்த்தி வாழும் ஒருவகைப் பூசணம் கட்டாயம் தேவை. பழைய பைன் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து நாற்றங்கால் கலவையில் சேர்ப்பது இதற்காகத்தான். கடையில் கிடைக்கும் வேம் எனப்படும் வேர் உட்பூசணம் இதற்கு உதவாது, அது வேறு வகை. பல நாடுகளில் பைன் நாற்று மஞ்சளாகி நின்றுபோனதற்கு இந்தப் பூசணம் இல்லாததே காரணமாக இருந்தது.

இதே காரணத்தாலும் வெப்பத்தாலும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த சமவெளி மண்ணில் மலைப் பைன் தேறாது. மதுரையிலோ திருச்சியிலோ யாராவது 'ஊட்டி பைன்' கன்று விற்றால் ஊசியை எண்ணிப் பாருங்கள். அநேகமாக அது பைனாக இருக்காது.

சமவெளியில் அரகேரியா

அரகேரியாவாக இருந்தால் சமவெளியிலும் வளரும். செம்மண், மணல், மக்கிய எரு சம அளவு கலந்து, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் மதிய வெயிலுக்குச் சற்று நிழல் கொடுப்பது நல்லது.

நுனியை ஒருபோதும் கிள்ளாதீர்கள். நுனி போனால் அந்தக் கூம்பு வடிவம் திரும்ப வராது. பக்கக் கிளையை ஒடித்து நட்டு வேர் பிடித்தாலும் அது நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும். எனவே பக்கக் கிளைப் பதியன் என்று மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம்.

தொட்டியில் அடக்கமாகத் தெரியும் இந்த மரம் தரையில் இறங்கினால் தென்னையை விஞ்சி உயரும். நம் ஊரில் காணப்படும் குக் பைன் என்ற அரகேரியா, உலகில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டின் பக்கம் சாய்ந்தே வளரும் என்று 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நமக்கு அது தெற்குப் பக்கம். எனவே வீட்டுக்கு வடக்கே நெருக்கி வைத்தால் அது வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும். மனையில் இடம் குறைவு என்றால் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பைன் செய்யும் வேலைக்கு வேறு மரங்கள்

பைன் வேண்டும் என்று கேட்பவருக்கு உண்மையில் தேவை மூன்றில் ஒன்றுதான்: காற்றுத் தடுப்பு, மறைப்பு அல்லது ஆண்டு முழுவதும் பச்சை.

சமவெளியில் வாழைக்கும் வெற்றிலைக்கும் காற்றுத் தடுப்பு வேண்டும் என்றால் சவுக்குக்கு நிகரில்லை. வேரில் உள்ள நுண்ணுயிர் மூலம் தழைச்சத்தைப் பிடிக்கும், சில ஆண்டுகளில் வெட்டி விற்கலாம். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இதற்கென்று குளோன் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. மறைப்புக்கு நெட்டிலிங்கம். கடலோரத்துக்குப் புன்னை. நிழலும் பச்சையும் வேண்டும் என்றால் மகிழம், நாவல், இலுப்பை. மரக்கன்றுகளுக்கு உழவன் செயலியில் பதிவு செய்து வேளாண் துறையிடம் கேட்கலாம்.

மலையில் வேலி ஓரத்துக்குக் காட்டுச் செண்பகம், மலை நாவல் வகைகள், சிவந்த பூப் பூக்கும் காட்டுப்பூவரசு ஆகியவை பொருந்தும். பைன் போல வேகம் கிடையாது. ஆனால் பறவை வரும், தேனீ வரும், அடியில் மண் ஈரமாக இருக்கும். ஈரமான, நிழலான பள்ளத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் வனத்துறை நாற்றங்காலில் நிரம்பாலி கன்று கேட்டுப் பாருங்கள். கூம்புக்காய் மரம்தான் வேண்டும் என்ற ஆசையும் தீரும், மலைக்கும் கேடில்லை.

பைன் கெட்ட மரம் அல்ல. கும்மாவூன் மலையில் அது பிசினும் பலகையும் கொடுத்து ஊரைக் காக்கிறது. மெக்சிகோவில் அது சொந்தக் காடு. இங்கே கொண்டுவந்து புல்வெளி மேல் நட்டது நாம் செய்த பிழை. அந்தப் பிழையைச் சரிசெய்ய அரசு இப்போது பணம் செலவழிக்கும் வேளையில், அதே கன்றை நம் வேலி ஓரத்தில் காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். வரும் பருவமழைக்கு முன் உங்கள் நிலத்து ஊற்றுக்கு மேலே ஒருமுறை நடந்து பாருங்கள். அங்கே விரல் நீளப் பைன் நாற்று தெரிந்தால், பிடுங்குவதற்கு அதைவிட எளிதான நேரம் வேறு இல்லை.